அம்பயரிடம் தமிழில் சொன்னது

மகள் பேஸ்பாலில் சேரப் போகிறேன் என்று சொன்னபோது என் கணவருக்கு முகம் வாடிவிட்டது. திருச்சியில் கல்லூரி அணிக்குக் கிரிக்கெட் ஆடியவர் அவர். ஆக்லாந்தில் பிறந்த பிள்ளையானாலும் கையில் கிரிக்கெட் மட்டைதான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவளோ வகுப்புத் தோழி ஒருத்தி ஆடுவதைப் பார்த்துவிட்டுப் பக்குரங்கா பகுதியில் இருந்த ஒரு சிறிய பேஸ்பால் கிளப்பில் போய் நின்றாள். இந்த நாட்டில் ரக்பி பார்க்கப் பத்தாயிரம் பேர் வருவார்கள் என்றால், பேஸ்பால் பார்க்கப் பெற்றோர்கள் வருவார்கள், அவர்களுடைய நாய்கள் வரும். அவ்வளவுதான்.

ஆனால் இரண்டாவது கோடைக்குள் பேஸ்பால் மோகத்தில் அவர் எங்கள் இருவரையும் மிஞ்சிவிட்டார். அமெரிக்க ஆட்டங்களைச் சாப்பிடும்போதெல்லாம் போட்டுவிடுவார். அதில் அவருக்கு மிகவும் பிடித்தது ஆட்டம் கூட இல்லை, ஆட்டம் நிற்கும் இடம். அம்பயர் ஒரு தீர்ப்பைச் சொல்லுவார். எதிர் அணி முறையிடும். அம்பயர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்ள, எங்கோ தூரத்தில் ஓர் அறையில் யாரோ வீடியோவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பார்கள். பிறகு, முதலில் சொன்னது தவறு என்று அந்த அம்பயரே கையைக் காட்டுவார். "மனுஷன் தப்புப் பண்ணலாம். ஆனா தப்புன்னு தெரிஞ்சப்புறம் அப்படியே விட்டுட்டுப் போகக் கூடாது" என்பார் இவர். எல்லர்ஸ்லியில் ஒரு அலுவலகத்தில் மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பதுதான் இவர் வேலை. பிழை என்றால் இவருக்குச் சும்மா இருக்க முடியாது.

எனக்கும் அதில் மறுப்பு இல்லை. நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். சந்தேகம் வந்தால் ஒருவர் பார்த்த ஸ்லைடை இன்னொருவர் பார்த்தே ஆக வேண்டும். அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை.

எங்கள் கிளப்பில் ஹெட்போனும் கிடையாது, தூரத்து அறையும் கிடையாது. மொத்த மைதானத்துக்கும் ஒரே ஒரு அம்பயர். அவர் ஒரு பெண். ஐம்பதைத் தாண்டியவர். முகத்தில் கம்பிக் கவசமும் நெஞ்சில் பஞ்சுக் கவசமும் மாட்டிக்கொண்டு, பந்தைப் பிடிக்கும் கேட்சர் பிள்ளைக்குப் பின்னால் குனிந்து நிற்பார். கவசத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று முதல் சில வாரங்கள் எனக்குத் தெரியவே இல்லை. ஒருநாள் ஆட்டம் தொடங்கும் முன் மகளிடம், "தண்ணி குடிச்சியாடி?" என்று வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன். கவசம் திரும்பியது. "நீங்கள் தமிழோ?" என்றது.

யாழ்ப்பாணத்துக்காரர். பல் மருத்துவர். இரண்டு மகன்களும் இந்தக் கிளப்பில் ஆடி வளர்ந்து இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். அவர்கள் ஆடிய காலத்தில் அம்பயருக்கு ஆள் இல்லை என்று நிற்க ஆரம்பித்தவர், பிள்ளைகள் போன பிறகும் விடவில்லை. நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். ஆட்டம் முடிந்ததும் சில நாள் இருவரும் நின்று பேசுவோம். முதல் நாளே ஒன்று சொல்லி வைத்தார். "ஆட்டம் நடக்கேக்க மட்டும் நான் உங்களோட கதைக்க மாட்டன். குறை நினைக்காதேங்கோ. மற்றப் பிள்ளையளின்ர தாய் தேப்பன் என்ன நினைப்பினம்?" அது எனக்கு நன்றாகப் புரிந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடமும் சொன்னேன். அவரும் சரிதான் என்றார்.

அன்று அரையிறுதி. காற்று பலமாக இருந்தது. எங்கள் அணி ஒரு ரன் பின்தங்கியிருந்தது, கடைசிச் சுற்று, இன்னும் ஒரே ஒரு அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது. மகள் இரண்டாவது பேஸில் நின்றாள்; இப்படி நான்கு இடங்களை வரிசையாகத் தொட்டு வந்தால்தான் ஒரு ரன். அடித்த பந்து தூரத்தில் விழுந்ததும் ஓட ஆரம்பித்தாள். மூன்றாவது பேஸைச் சுற்றி, அங்கே நிற்கச் சொன்ன பயிற்சியாளரின் கையைக் கவனிக்காமலே, நேராக ஹோம் பிளேட்டுக்கு வந்தாள். தரையில் பதித்த வெள்ளை ரப்பர் துண்டுதான் ஹோம் பிளேட். அதைத் தொட்டுவிட்டால் ரன், ஆட்டம் சமம். தொடும் முன் கேட்சர் பந்தோடு அவள்மேல் கை வைத்துவிட்டால் அவுட். கிரிக்கெட்டில் ரன் அவுட் மாதிரிதான், ஸ்டம்ப் மட்டும் இல்லை. பந்தும் அவளும் ஒன்றாக வந்தார்கள். கையை நீட்டிக்கொண்டு நெஞ்சால் சறுக்கினாள். புழுதி கிளம்பியது. அக்காவின் கை மேலே போனது. அவுட்.

நான் வேலியோரம் நின்று ஃபோனில் எடுத்துக்கொண்டிருந்தேன். திருச்சியில் இருக்கும் தங்கைக்கு ஒவ்வொரு ஞாயிறும் அனுப்புவது வழக்கம். கணவர் என் தோளுக்கு மேல் பார்த்து, கொஞ்சம் பின்னால ஓட்டு என்றார். ஓட்டினேன். மெதுவாக ஓடும்போது தெளிவாகத் தெரிந்தது. மகளின் விரல்கள் பிளேட்டின் மூலையில் இருக்கின்றன. அதற்குப் பிறகுதான் கேட்சரின் கையுறை அவள் முதுகில் படுகிறது. அக்கா நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் கேட்சரின் உடம்புதான் தெரிந்திருக்கும்.

ஃபோனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவர் வேலிக் கதவைத் திறந்தார். பெற்றோர் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது. நான் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். காற்றில் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் நின்றிருப்பாரா என்று எனக்கு நிச்சயமில்லை.

நேரே போய் அக்காவின் முகத்துக்கு முன்னால் ஃபோனைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு தமிழில் பேசினார்.

"அக்கா, ஒரு நிமிஷம் இதப் பாருங்க. கை பட்டிருச்சு, சேஃப். நம்ம பொண்ணுக்கா அது. நீங்களே இப்படிப் பண்ணா எப்படி?"

அக்கா கவசத்தைக் கழற்றினார். ஃபோனைப் பார்க்கவில்லை, என் கணவரின் முகத்தைத்தான் பார்த்தார். எதிர் அணிப் பயிற்சியாளர், உயரமான ஒரு பெண், அருகில் வந்து, என்ன சொல்கிறார் என்று மரியாதையாகவே கேட்டாள். இவர் ஆங்கிலத்துக்கு மாறி, ஒன்றுமில்லை, வீடியோவைப் பார்க்கச் சொன்னேன், அவ்வளவுதான் என்றார்.

அக்கா இரண்டு பயிற்சியாளர்களுக்கும் கேட்கும்படி திரும்பி நின்றுகொண்டார். ஆங்கிலத்தில், அவசரப்படாமல், வரிக்கு வரி சொன்னார். இவருடைய வீடியோவில் பெண் சேஃப் என்று தெரிகிறதாம். அந்தப் பெண் எங்கள் ஆளாம். நானே இப்படிச் செய்யலாமா என்று கேட்கிறார். நான் வீடியோவைப் பார்க்கவில்லை. இங்கே வீடியோவுக்கு விதி இல்லை. அவுட், ஆட்டம் முடிந்தது.

எனக்குக் காதுமடல் வரை சூடு ஏறியது. எங்கள் வீட்டுக்குள் பேசும் மொழியை யாரோ மைதானத்தின் நடுவில் வைத்துப் பிரித்துக் காட்டியது போலிருந்தது. 'நம்ம பொண்ணு' என்பது வீட்டில் எவ்வளவு சாதாரணமான வார்த்தை. ஆங்கிலத்தில் அதைக் கேட்டபோது லஞ்சம் கொடுப்பது மாதிரி ஒலித்தது. யாரும் கத்தவில்லை. யாரும் எங்களைத் திட்டவில்லை. வழக்கமாக என்னோடு பேசுகிற ஒரு தாய், மடக்கு நாற்காலியைப் பையில் போடுவதிலேயே கண்ணாக இருந்தாள். அந்தப் பைக்குள் நாற்காலியை நுழைக்க அவ்வளவு நேரம் ஆகாது. இரண்டு அணிப் பிள்ளைகளும் எதிரெதிர் வரிசையாக வந்து ஒருவர் கையை ஒருவர் தட்டிக்கொண்டு போனார்கள். மகள் யார் முகத்தையும் பார்க்காமல் கையை மட்டும் நீட்டிக்கொண்டு போனாள்.

கார் நிறுத்தும் இடத்தில் பையை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தேன். கணவரும் மகளும் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா கவசத்தைக் கையில் தொங்கவிட்டபடி வந்தார். எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

"தங்கச்சி, அந்த வீடியோவை இப்ப காட்டுங்கோ," என்றார். "ஆட்டம் முடிஞ்சுது. இப்ப பாக்கலாம்."

கொடுத்தேன். பார்த்தார். மறுபடியும் மெதுவாக ஓட்டச் சொன்னார். வெயில் திரையில் அடித்ததால் என் கையை மேலே மறைப்பாக வைத்தேன். இருவரும் தலையை ஒட்டி நின்று பார்த்தோம்.

"பட்டுட்டுது," என்றார். "பிள்ளையின்ர கை முதல்ல பட்டுட்டுது. நான் நிண்ட பக்கம் பிழை."

அவர் முகம் சுருங்கிப் போயிருந்தது. நேரே கார்க் கண்ணாடியருகே போய், மகளிடம் ஆங்கிலத்தில், நான் தவறாகச் சொல்லிவிட்டேன், நீ சேஃப், நல்ல ஓட்டம் ஓடினாய் என்றார். அவுட் என்றபோது அழாத பிள்ளை அப்போதுதான் அழுதாள். நான் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை, "வீடியோவ உங்களுக்கு அனுப்பட்டுமா?" என்பது. ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஓம், அனுப்புங்கோ. எங்க நிண்டிருக்க வேணும் எண்டு பாக்க வேணும்," என்றார்.

வண்டி கிளம்பியதும் கணவர், "பாத்தியா, அவங்களே ஒத்துக்கிட்டாங்க," என்றார். அவர் குரலில் வெற்றி இருந்தது. பின் சீட்டிலிருந்து மகள் ஆங்கிலத்தில், இனி அப்பா ஆட்டத்துக்கு வர வேண்டாம் என்றாள். கொஞ்ச தூரம் போனதும், அம்மா வரலாம், ஆனால் மைதானத்தில் என்னோடு தமிழில் பேச வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டாள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. மழை வரும் போல இருக்கிறது என்பது மாதிரி சொன்னாள்.

கணவர் அதோடு விடவில்லை. நடந்தது தவறு என்று அம்பயரே ஒப்புக்கொண்ட பிறகு முடிவை ஏன் மாற்றக் கூடாது என்று கிளப்பில் கேட்டார். மாற்ற முடியாது என்றார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். எதிர் அணிப் பெற்றோர் சிலரும் கேட்டிருக்கிறார்களாம், அந்த அம்பயருக்கும் இந்தக் குடும்பத்துக்கும் பழக்கமா, முன்பு ஆடிய ஆட்டங்களில் என்ன தீர்ப்புச் சொன்னார் என்று. அதனால் எங்கள் அணி ஆடும் ஆட்டங்களுக்கு அக்காவைக் கொஞ்ச காலத்துக்கு அம்பயராக அனுப்பப் போவதில்லையாம்.

அதைக் கேட்டுவிட்டு வந்து அவர் சமையலறையில் நின்றார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "நமக்கு எதிராத்தான் தீர்ப்பு சொன்னாங்க," என்றார். "அதுக்கும் அவங்களையே சந்தேகப்படுறாங்க."

நான் திரும்பாமலே, "நீங்க தமிழ்ல பேசினதாலதான்," என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது. இந்த மனிதர் பொல்லாதவர் இல்லை. அலுவலகக் கூட்டங்களில் இவர் சொன்னதையே பிறகு வேறொருவர் சொல்லிப் பாராட்டு வாங்குவதைப் பல வருடம் பார்த்தவர். மகளுக்கு அப்படி நடக்கக் கூடாது என்ற பதற்றம் எப்போதும் உண்டு. அந்தப் பதற்றத்தில், கவசத்துக்குள் தமிழ் முகம் இருப்பது அவருக்கு ஒரு ஆறுதலாக இருந்திருக்கிறது. ஆறுதலை உரிமை என்று நினைத்துவிட்டார். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும் வெட்கம் குறையவில்லை. அக்காவுக்கு ஃபோன் செய்ய எண்ணி, செய்யாமலே இருந்தேன்.

கோடை முடியும்போது கிளப்பில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். பேச வேண்டிய விஷயங்களில் வீடியோவும் ஒன்று. தவறான தீர்ப்பைத் திருத்த வீடியோ பார்க்கலாமா கூடாதா. எங்கள் பெயர் எங்கும் வரவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். கணவர் அந்த நொடியைப் படம் படமாகப் பிரித்து லேப்டாப்பில் வைத்திருந்தார். வேண்டாம் என்றேன். பேசாமல் எடுத்துக்கொண்டு வந்தார்.

வெளியே சாசேஜ் சுடும் புகை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. ஒரு தகப்பன், அம்பயர் தவறும் ஆட்டத்தில் ஒரு பகுதிதான், பிள்ளைகள் அதைத் தாங்கப் பழக வேண்டும் என்றார். இன்னொருவர், தவறு என்று தெரிந்தும் பெரியவர்கள் திருத்த மாட்டார்கள் என்பதையும்தான் பிள்ளைகள் பழகிக்கொள்கிறார்கள் என்றார். ஒரு தாய், ஆளுக்கொரு ஃபோனைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி வந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். அப்போது அந்த அறையில் ஒருவர் கூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் தேவலை. கணவரின் மடியில் லேப்டாப் மூடியே இருந்தது. அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தார்.

அக்கா எழுந்தார். சாதாரண உடையில் அவரை அங்கே பார்ப்பது புதிதாக இருந்தது. அவர் வீடியோ வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள், நானும்தான். அவர் வேண்டும் என்றார். அரையிறுதியில் நான் சொன்னது தவறு, ஒரு பிள்ளையின் ரன் என்னால் போனது, வீடியோவைப் பார்த்த பிறகு அதை மறக்க முடியவில்லை என்றார். அன்று எனக்கே சந்தேகமாக இருந்தது, என்று தொடர்ந்தார். கேட்டுப் பார்க்க ஒரு வழி இருந்திருந்தால் கேட்டிருப்பேன். வழி இல்லை, முகத்துக்கு முன்னால் ஒரு ஃபோன்தான் இருந்தது. அதைப் பார்த்துத் தீர்ப்பை மாற்றியிருந்தால், வீடியோவுக்காக மாற்றினேன் என்று உங்களில் யாராவது நம்பியிருப்பீர்களா? அதனால் பார்க்காமல் இருப்பது ஒன்றுதான் என்னால் முடிந்தது. கேமரா கிளப்புடையதாக இருக்கட்டும், பார்க்க வேண்டும் என்று அம்பயர் மட்டும் கேட்கட்டும், பெற்றோர் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கட்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கை தூக்கச் சொன்னார்கள். முக்கியமான ஆட்டங்களுக்கு மட்டும் ஒரு கேமரா வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. நான் கை தூக்கினேன். கணவரும் தூக்கினார், ஆனால் தோள் உயரத்துக்கு மேல் போகவில்லை.

வெளியே வந்ததும் அவர் அக்காவிடம் போனார். நான் இரண்டடி பின்னால் நின்றேன்.

"அக்கா, அன்னைக்கு நான் தமிழ்ல பேசினது தப்பு."

அக்கா அவர் பக்கம் திரும்பினார். "தமிழில கதைச்சது பிழையில்லைத் தம்பி. என்ன கதைச்சனீங்கள் எண்டதுதான் பிழை."

"ஆமாக்கா," என்றார் இவர். அவர் அப்படித் தலை குனிந்து நின்று நான் பார்த்ததில்லை. அக்கா, "பிள்ளை அடுத்த வருசமும் ஆடுவாள்தானே?" என்று கேட்டுவிட்டுச் சாசேஜ் வரிசையில் போய் நின்றார்.

அடுத்த கோடையில் வேலிக்குப் பின்னால் மூன்றுகால் தாங்கி ஒன்றில் கேமராவாக ஒரு டேப்லெட் வந்தது. அதை மாட்டிக் கொடுப்பதும் கழற்றி வைப்பதும் என் கணவர் வேலை, அவரே கேட்டு வாங்கிக்கொண்டது. மகளும் அவர் வருவதற்கு இப்போது ஒன்றும் சொல்வதில்லை. அக்கா எங்கள் ஆட்டங்களுக்குத் திரும்பி வந்தார். முதல்முறை அவர் வீடியோ பார்க்கக் கேட்டபோது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். திரையில் தெரிந்தது ஒரு பையனின் முதுகு மட்டும். கால் பேஸில் பட்டதா இல்லையா என்பது அந்த முதுகுக்குப் பின்னால் இருந்தது. அக்கா தோளைக் குலுக்கி, சொன்னது சொன்னதுதான் என்று கையைக் காட்டினார். யாரோ ஒருவர் உச்சுக் கொட்டினார். ஆட்டம் தொடர்ந்தது. இவர் மட்டும் என் காதருகில், "ஆங்கிள் சரியில்ல," என்றார்.

நான் இப்போது மைதானத்தில் எதையும் ஃபோனில் எடுப்பதில்லை. தங்கை கேட்டால், ஃபோனில் இடம் இல்லை என்று ஏதோ சொல்லிச் சமாளிக்கிறேன். மகளோடு அங்கே ஆங்கிலத்தில்தான் பேசுகிறேன். அவள் மறுபடி சொல்லவில்லை, நானும் மாற்றிக்கொள்ளவில்லை. தண்ணீர் குடித்தாயா என்று ஆங்கிலத்தில் கேட்கும்போது யாரோ ஒருவருடைய பிள்ளையைக் கேட்பது போலிருக்கிறது.

போன மாதம் ஓர் ஆட்டம் முடிந்து, மகளும் அவள் தோழிகளும் என்னைச் சுற்றி நின்று ஆரஞ்சுத் துண்டு தின்றுகொண்டிருந்தார்கள். அக்கா கவசத்தைக் கழற்றியபடி எங்களைத் தாண்டிப் போனார். முகமெல்லாம் வியர்வை. நின்று, சிரித்துக்கொண்டே, "என்ன தங்கச்சி, சுகமா இருக்கிறீங்களோ?" என்றார்.

நான் ஆங்கிலத்தில், நன்றாக இருக்கிறோம், நன்றி என்றேன்.

வாயிலிருந்து போன பிறகுதான் எனக்கே கேட்டது. அக்காவின் சிரிப்பு அப்படியே இருந்தது. ஒரு கணம் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தலையை அசைத்துவிட்டுத் தன் பையை எடுக்கப் போனார். மகள் ஆரஞ்சுத் தோலை என் கையில் வைத்தாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.